எங்கள் நகரம் எப்படியும் வெல்லும்

ஜேர்மனியில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் குடியுரிமை தேவையில்லை. தேர்தல் நாள் காலையில் பக்கத்து வீட்டு ஹெர் க்ளாசன், வாக்குச்சாவடியாக மாறியிருந்த பள்ளிக்கூடத்து வாசலில் தன் நாயின் கயிற்றை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். நானும் பதினொரு வயது மகள் அபிராமியும் வெளியே நின்றோம். எங்கள் நாட்டைப் போலத் துவக்கோடு காவல் நிற்பவர் ஒருவரும் இல்லை, ஊரடங்கும் இல்லை. இதையெல்லாம் தேர்தல் என்று நம்ப எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. இங்கே ஓர் ஆளுக்கு இரண்டு வாக்கு: ஒன்று வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. கட்சிக்கு விழுந்த வாக்கின் பங்குக்கு ஏற்ப ஆசனம். தோற்றவர்களும் வெறுங்கையோடு போவதில்லை. இதில் என்ன விறுவிறுப்பு இருக்கிறது என்று நான் ஒருகாலத்தில் ஏளனம் செய்தவன்.

நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு, நாங்கள் இருக்கும் டுசல்டோர்ஃப்பில் அறுபது உறுப்பினர்கள், வேறு இரண்டு ஊர்களில் ஐம்பது பேர். அகதி வழக்கு முடியாதவர்கள் அனுமதிக் கடிதம் இல்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்பதால், தலைவர் தேர்தலுக்கு ஊருக்கொரு பெட்டி வைப்பது வழக்கம். அந்த முறை போட்டியிட்டவர்கள் இருவர். ஜெயம் அக்கா வென்றால் சங்க மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடரும். புவனேந்திரன் அண்ணை வென்றால் அந்த நேரம் அவருடைய இசைக்குழுவின் ஒத்திகைக்குப் போகும். அபிராமிக்கு அப்போது ஏழு வயது. அந்த வகுப்பை விட்டால் அவளுக்குத் தமிழ் படிக்க வேறு இடமில்லை. ஜெயம் அக்கா வென்றே ஆகவேண்டும் என்று நான் துடித்தேன். துடித்ததோடு நின்றிருக்கலாம். மூளையையும் பாவித்தேன்.

டுசல்டோர்ஃப் முழுக்க அக்கா பக்கம் என்பது என் கணிப்பு. கூட்டத்தில் எழும்பினேன்.

“அமெரிக்கன் என்ன விசரனோ? அங்கை ஒருத்தர் ஒரு மாநிலத்திலை ஒரு வாக்குக் கூடுதலா எடுத்தாலே, அனேகமா அந்த மாநிலம் முழுக்க அவருக்குத்தான். நாங்களும் ஊருக்கு ஊர் அப்பிடியே வைப்பம். கூட எடுத்தவருக்கு அந்த ஊர் உறுப்பினர் எல்லாற்றை வாக்கும்.”

“அப்ப மற்ற ரெண்டு ஊரும் என்னத்துக்கு அண்ணை?” என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

“சும்மா ஒரு மரியாதைக்கு.”

மரியாதைக்குரிய அந்த ஊர்க்காரர்கள் அனுமதிக் கடிதம் கிடைக்காமல் கூட்டத்துக்கே வரவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜனநாயகத்தை இதைவிடச் சுத்தமாக நான் கண்டதில்லை.

தேர்தலன்று நான் வீட்டில் உளுந்து அரைத்தேன். மனைவி வசந்தி வடை சுட்டாள். எல்லாம் அக்காவின் வெற்றி விழாவுக்கு.

“ஒருக்காப் போய்ப் போட்டிட்டு வருவமே?” என்றாள் அவள்.

“எங்கடை ஊர் எப்பிடியும் வெல்லும். நீர் வடையைப் பாரும்.”

புவனேந்திரன் அண்ணை வடை சுடவில்லை. வாகனம் பிடித்து, இசைக்குழுக்காரர்களையும் அவர்களின் மச்சான்மாரையும் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு வந்தார். டுசல்டோர்ஃப்பில் அவருக்கு இருபத்தொன்று, அக்காவுக்கு இருபது. மற்ற இரண்டு ஊர்களிலும் அக்காவுக்கு நாற்பத்துநான்கு, அண்ணைக்கு ஐந்து. என் அமெரிக்க விதிப்படி எங்கள் ஊரின் அறுபதும் அண்ணைக்கு, மற்ற ஊர்களின் ஐம்பதுதான் அக்காவுக்கு. நாங்கள் இருவரும் போயிருந்தால் அக்கா வென்றிருப்பார். வசந்தி வடைச்சட்டியை இறக்கி வைத்தாள்.

“என்ரை வாக்கையும் எண்ணெய்க்குள்ளை போட்டிட்டியள்.”

சுட்டதில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. வடை முழுவதையும் நானே தின்றேன்.

யார் வென்றது என்று ஹெர் க்ளாசன் அக்கறையோடு விசாரித்தார். குறைய வாக்கு எடுத்தவர் என்றேன். “இல்லை, கூடுதலாக எடுத்தவர் என்று சொல்லவேண்டும்” என்று என் ஜேர்மனைத் திருத்தினார். மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் பொறுமையாகத் திருத்தினார்.

வகுப்பு நின்றது. வீட்டில் நாங்கள் சொல்லிக்கொடுக்கப் பார்த்தோம். வேலை முடிந்து வந்த களைப்பில் அதுவும் நின்றது. அபிராமிக்கு இன்றைக்குச் சாப்பிட வா, படுக்கப் போ என்ற அளவுக்குத்தான் தமிழ். எனக்கு வேலைத்தலத்துக்குப் போதுமான அளவுக்குத்தான் ஜேர்மன்.

இப்போது பள்ளிக்கூட வாசலில், நீங்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று அவள் ஜேர்மனில் கேட்டாள்.

“எனக்கு இங்கை வாக்கில்லை, பிள்ளை. சங்கத்திலை என்னட்டை இருந்த ஒண்டையும் நான் போடேல்லை.”

“வஸ்?” என்றாள். என்ன என்று அர்த்தம்.

எனக்கு அதை ஜேர்மனில் சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு வயதில் அவள் இந்த வாசலால் உள்ளே போகக்கூடும். அன்றைக்கும் நான் வெளியே நின்று நாயைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.