வரப்பில் முளைத்த குடை

தலைமுறை தலைமுறையாக வாய் மூடி இருந்தது போதும்.

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபச் சுவரில் நான் செய்து கொடுத்த காகிதச் சிற்பத்தை இன்று பார்க்கப் போனேன். இரண்டு கட்சிகளின் பழைய தேர்தல் நோட்டீஸையும் ஒன்றாக ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்த கூழில் செய்தது. உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் எங்கள் பெயருக்கு வந்தபின் என் அம்மா குனிந்து நட்ட முதல் நடவுக் காட்சி அது. வரப்பில் நின்று அதட்ட ஆளில்லாத நடவு.

இன்று வரப்பில் ஒருவர் குடை பிடித்து நிற்கிறார், தங்க வண்ணத்தில்.

மண்டபக்காரரிடம் கேட்டேன். பழைய மிராசுதாரின் பேரன்.

“எங்க தாத்தா சார். வரப்பு காலியா கெடந்துச்சு, செஞ்சு ஒட்டச் சொன்னேன்.”

“காலியா இருக்கணும்னுதாங்க விட்டேன். அப்ப அது எங்க வயலுங்க.”

சிரித்தார். “வயல்தான் போச்சு. சுவரு எங்களுதுதானே சார்?”

செத்தும் என் அம்மா அந்த மிராசுதார் காலடியில் குனிந்து நிற்கிறாள்.

அங்கேயே பிய்த்தெறிந்திருப்பேன். ஆனால் தை மாதம் அங்கேதான் என் மகள் கல்யாணம். வேறு மண்டபம் கிடைக்கவில்லை. குடைக்காரரை முழுசாக மறைக்க எவ்வளவு பெரிய பூ அலங்காரம் வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாலி ஏறும்வரை இந்தப் பதிவில் என் பெயர் இருக்காது.