பக்கத்துத் தெருவில் நின்ற வண்டி

எங்கள் வாடகைக் கார் கம்பெனியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் ‘தண்ணி’ என்றோம். குடியை விட்ட பிறகு ‘சோடா’ என்றோம். இந்த இரண்டு பட்டப்பெயருக்கும் நடுவில் அவன் பட்ட பாடு அவனுக்கும் அவன் மனைவிக்கும்தான் தெரியும். கொஞ்சம் எனக்கும் தெரியும். ஏனென்றால் தண்ணியாக இருந்த காலத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். நான் இன்றும் குடிக்கிறேன். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. என்னிடம் யாருக்கும் எதிர்பார்ப்பு கிடையாது.

சோடா நல்ல டிரைவர். பிரேக் அடித்தால் பின்சீட்டில் தூங்குகிறவர் விழிக்க மாட்டார். குடித்த நாட்களில்கூட வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, கீறல் எல்லாம் வீட்டில்தான் விழுந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவன் மனைவி இரண்டு பைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தான், கை நடுங்கியது, சுவரைப் பார்த்து அழுதான், எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எப்படியோ கரையேறிவிட்டான்.

மனைவியைக் கூட்டிவரப் போனபோது அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவன் ஏற்கெனவே செய்த சத்தியங்களை அடுக்கினால் ஒரு அலமாரி போதாது. அவளுடைய போனை வாங்கி, தன் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டுகிற மேப்பை அதில் ஏற்றிக் கொடுத்தான். கம்பெனி வண்டிகள் எல்லாம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. வண்டியிலேயே ஜிபிஎஸ் இருந்தது. வண்டி போகிற இடமெல்லாம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். ஆபீஸும் பார்க்கலாம், வேண்டுமென்றால் வீட்டிலும் பார்க்கலாம்.

“நான் சொல்றத நம்பாதம்மா. இத நம்பு. எப்ப வேணாலும் எடுத்துப் பாரு. நான் எங்க இருக்கேன்னு இது சொல்லும்.”

அவன் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். “பாப்போம் மாப்ள” என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் நல்ல வார்த்தை வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் திரும்பி வந்தாள். மற்ற பெண்கள் சீரியல் பார்ப்பதுபோல் அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். சமையல் மேடையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்வாள். புள்ளி நகர்ந்தால் நிம்மதி, நின்றால் ஒரு போன்.

“எங்க இருக்கீங்க?”

“டயாலிசிஸ் சென்டர் வாசல்லதாம்மா நிக்கிறேன். மரத்தடி.”

“ம்... சரி. அங்கதான் காட்டுது.”

அந்த ‘அங்கதான் காட்டுது’ இருக்கிறதே, அதைக் கேட்டால் அவனுக்கு மருந்து சாப்பிட்டதுபோல் இருக்கும். என்னிடமே சொல்லியிருக்கிறான். நான் கேலி செய்தேன், “உன் பொண்டாட்டி உனக்கு டிரைவர்டா, நீ அவளுக்கு வண்டி” என்றேன். சிரித்தான். முன்பெல்லாம் அவன் இப்படிச் சிரிக்க மாட்டான்.

அவனுக்கு வாய்த்த வேலை அப்படி. ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போக வேண்டும், அவர் உள்ளே படுத்திருக்கும் நேரம் முழுக்க வெளியே காத்திருக்க வேண்டும், பிறகு தளர்ந்துபோய் வருகிறவரைக் கைத்தாங்கலாக ஏற்றி வீட்டில் விட வேண்டும். மற்ற டிரைவர்கள் அந்தக் காத்திருப்பில் நாலு இடம் சுற்றுவார்கள். சோடா வண்டியைவிட்டு நகர மாட்டான். ரேடியோ கேட்பான், கண்ணாடி துடைப்பான், பெப்பர்மிண்ட் சப்புவான். குடியை விட்டதிலிருந்து அவனுக்கு வாய்க்கு ஏதாவது இனிப்பு வேண்டும், சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் கிடக்கும்.

இதற்கு நடுவில் ஒருநாள் காலையில் வண்டியின் திரையில், புதிய அப்டேட் ஏறிவிட்டது என்று எழுத்து வந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் ஏற்றவில்லை, இரவோடு இரவாகத் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. சோடா சரி என்ற இடத்தை அழுத்திவிட்டு ரேடியோ போட்டான். வழி தெரியாதவனுக்குத்தான் மேப் வேண்டும். டீச்சரம்மா வீட்டிலிருந்து சென்டருக்குப் போகிற வழியில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

அன்றிலிருந்து அந்தப் புள்ளி ஒரு தெரு தள்ளி ஓடியது. இவன் இந்தத் தெருவில் போனால் அது பக்கத்துத் தெருவில் போனது. இவன் நின்றால் அது அங்கே நின்றது. வேறு எந்த ஊரில் வேறு எந்தத் தெருவாக இருந்திருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. சென்டருக்குப் பின்தெருவில் இருந்தது ஒரு பார். மேப்பில் அதற்கு ஒரு சின்னக் கோப்பைப் படம் போட்டிருப்பார்கள். சோடாவின் புள்ளி போய் அந்தக் கோப்பையை ஒட்டி நின்றது.

முதல் நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. அவன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்று மோந்து பார்த்தாள். பெப்பர்மிண்ட் வாசனை. குடிகாரனோடு குடும்பம் நடத்திய எந்தப் பெண்ணுக்கும் அந்த வாசனை எதை மறைக்க என்று தெரியும்.

அடுத்த முறையும் அங்கேயே நின்றது. அதற்கடுத்த முறை போன் செய்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“சென்டர் வாசல்லதாம்மா. மரத்தடி.”

அவள் போனை வைத்துவிட்டாள். அங்கதான் காட்டுது என்று சொல்லவில்லை. இவன், சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான், பாவி.

வீட்டுக்குப் போனால் மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது தப்பாக் காட்டுதும்மா. நான் அந்தத் தெருப் பக்கமே போகல.”

“நீங்கதானே சொன்னீங்க? என்னை நம்பாத, இத நம்புன்னு?”

அவன் கொடுத்த சாட்டையாலேயே அவனை அடிக்கிறாள். பழைய நாட்களில் கூசாமல் பொய் சொன்னபோது என்னென்ன சொல்வானோ, இப்போது உண்மையைச் சொல்லும்போதும் அதே வார்த்தைகள்தான் வந்தன. “சத்தியமா இல்லம்மா.” “நான் ஏம்மா பொய் சொல்றேன்?” அவனுக்கே தன் குரலைக் கேட்டு உடம்பு கூசியதாம்.

“கிளம்பு தாயி” என்றார் மச்சான். “மாப்ள, நீங்க திருந்துவீங்கன்னு நான் எப்பவுமே நினைச்சதில்ல.”

மறுபடியும் இரண்டு பைகள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் சோடா என்னைச் சென்டருக்கு வரச் சொன்னான். போய்ப் பார்த்தேன். வண்டி மரத்தடியில் நிற்கிறது, திரையில் அம்புக்குறி பின்தெருவில் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சென்டர் பலகையும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பதில் மச்சானிடமிருந்து வந்தது. கூட்டாளி எடுத்த போட்டோவைக் கூட்டாளிகளே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நான் சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள், அதுவும் நியாயம்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே அவளுக்குப் போன் போட்டேன்.

“தங்கச்சி, ஒருநாள் சொல்லாம வந்து பாரும்மா. உன் கண்ணால பாரு.”

அவள் சொன்னாள்: “நான் வந்து பாத்து, அவரு அந்தக் கடைக்குள்ள இருந்துட்டா நான் என்னண்ணே பண்ணுவேன்? இது மேப்புல இருக்கறவரைக்கும் தப்பா இருக்குமோன்னு ஒரு எண்ணமாவது இருக்கு. கண்ணால பாத்துட்டா அதுவும் போயிடும்ல?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேட்க வேண்டும் என்றுதான் போன் போட்டேன். சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இதற்குள் ஆபீஸும் பார்த்துவிட்டது. மேனேஜர் சோடாவைக் கூப்பிட்டு, பழைய கதை எல்லாம் எனக்கும் தெரியும் என்று ஆரம்பித்தார். சோடா வண்டியின் திரையைக் காட்டினான், அவர் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டினார். டீச்சரம்மா சும்மா இருக்கவில்லை, மூச்சு வாங்க ஆபீஸுக்குப் போன் செய்து, “என் டிரைவர் ஒரு சொட்டுத் தொட்டதில்ல” என்றார்.

“நீங்க உள்ள படுத்திருந்தீங்களே மேடம்” என்றார் மேனேஜர், ரொம்ப மரியாதையாக.

சோடாவிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். ஷெட்டில் வண்டி கழுவும் வேலை கொடுத்தார்கள். நல்ல டிரைவர், தான் ஓட்டிய வண்டியின் சக்கரத்தை இன்னொருவன் ஓட்டக் கழுவிக்கொடுத்தான்.

அந்த இன்னொருவனுக்கு எங்களிடம் ‘பால்’ என்று பெயர். டீகூடக் குடிக்க மாட்டான், பீடி புகை பட்டால் சட்டையை மாற்றுவான், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. டீச்சரம்மாவைப் பால் கூட்டிப்போனான், மரத்தடியில் வண்டியை நிறுத்தினான், ஆபீஸ் கம்ப்யூட்டரில் புள்ளி போய் அதே கோப்பைக்குப் பக்கத்தில் நின்றது.

மேனேஜர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? நான் அங்கேதான் டிரிப் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன்.

“என்னய்யா இது, மேப் தப்பாக் காட்டுது?”

அவ்வளவுதான். அதே வண்டி, அதே தெரு, அதே கோப்பை. பால் நின்றால் மேப் தப்பு. சோடா நின்றால் சோடா தப்பு. எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. “இதைத்தானே சார் அவன் தலையால தண்ணி குடிச்சுச் சொன்னான்” என்று கத்தினேன். தண்ணி என்ற வார்த்தையைக் கேட்டு அங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். அங்கே, ஆமாம் சார், அந்த மாடலில் அப்டேட்டுக்குப் பிறகு சில வண்டிகளில் இப்படி வருகிறது, நாங்களே சொல்லலாம் என்றிருந்தோம் என்றார்களாம். சொல்லலாம் என்றிருந்தார்களாம்!

அந்த வாரமே இன்னொரு அப்டேட் வந்தது. புள்ளி எழுந்து தன் தெருவுக்குத் திரும்பியது. எல்லா டிரைவர்களுக்கும் ஒரு மெசேஜ் வந்தது, சில வாகனங்களின் இருப்பிடம் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. சோடாவுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. மேனேஜர், “விடுய்யா, நம்ம மேல என்ன தப்பு” என்று தோளில் தட்டினார். அந்த ‘நம்ம’வை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த மெசேஜைச் சோடா தன் மனைவிக்கு அனுப்பினான். அவள் அன்று மாலையே ஓடி வந்தாள். மச்சான் வரவில்லை, அவருக்கு வேலை இருந்ததாம். நான் அப்போது அவன் வீட்டில் இருந்தேன், அதனால் நடந்தது எனக்குத் தெரியும். அவள் வாசலிலேயே அழுதுவிட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பா நினைச்சுட்டேங்க, என்னை மன்னிச்சிடுங்க” என்றாள். பொய்யான அழுகை இல்லை, அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“பாருங்க, இப்பச் சரியாக் காட்டுது. நம்ம வீட்டுக் கீழயே நிக்குது.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் உன் முன்னாடிதாம்மா நிக்கிறேன்” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். அவன் கையை நீட்டி, போனை மெல்ல வாங்கினான். “இனி இது எதுக்கு? எடுத்துடறேன்” என்று சொல்லி அந்த மேப்பை அதிலிருந்து அழிக்கப் போனான். விரல் திரையில் பட்டதுதான் தாமதம், அவள் முகம் மாறிவிட்டது. சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

“ஏன்? ஏன் எடுக்கறீங்க?” என்றாள். கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இனிமே எங்க போகப் போறீங்க?” என்றாள்.

அவன் விரல் அப்படியே நின்றது. நான் தரையைப் பார்த்தேன். அவன் எடுக்கவில்லை. போனை அவள் கையில் திரும்பக் கொடுத்துவிட்டு, வண்டியைத் துடைத்து வைக்க வேண்டும் என்று கீழே இறங்கிப் போனான்.

இப்போதும் அவன் டீச்சரம்மாவைக் கூட்டிப்போகிறான், மரத்தடியில் நிற்கிறான். பெப்பர்மிண்ட்டை விட்டுவிட்டான். குடிக்கவில்லை, அதை நான் அடித்துச் சொல்வேன், நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது அவன் போன் அடித்தது. வீட்டிலிருந்துதான்.

“எங்க இருக்கீங்க?” என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

முன்பு என்றால், வாசல்ல நிக்கிறேன், மரத்தடி என்பான். சோடா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

“போன்ல பாரு.”