மலைமேல் நாலு பரப்பு

வெயிலில் நிற்காதையுங்கோ என்று என் மனைவி பவளம் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள். சவூதி என்றால் மணலும் ஒட்டகமும் என்றுதான் மானிப்பாயில் எல்லாருக்கும் நினைப்பு. நான் இருப்பது தெற்கே ஒரு மலைநகரம். காலையில் கதவைத் திறந்தால் முகில் அறைக்குள் வருகிறது. துவைத்துப் போட்ட சாரம் மூன்று நாளாகியும் காய்வதில்லை. சந்தை நாளில் ஆண்கள் தலையில் பூவும் துளசி மணக்கும் கொழுந்தும் வளையமாகக் கட்டி, இடுப்பில் கத்தியும் செருகிக்கொண்டு வருவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, கோயிலால் வரும்போது காதில் பூ வைக்கிறவனுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

இங்கே சமதரை என்று ஒன்று கிடையாது. ஏறுவதற்குப் பனையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊரில் பிறந்தவனின் முழங்கால் பழகவே மாதக்கணக்காயிற்று. மலையைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சாந்தில்லாமல் கல்லடுக்கி மதில் கட்டி, மண் நிரப்பித் தோட்டம் செய்கிறார்கள். அப்படி ஏழு தட்டு எங்கள் கபீல் அபூ சாலிமுக்கு. கபீல் என்றால் விசா தந்தவர், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருப்பவர், இரு என்றால் இருக்கவும் போ என்றால் போகவும் வேண்டிய முதலாளி.

எண்பத்தேழாம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தேன். வந்த சில நாளிலேயே ஒன்று கண்ணில் குத்தியது. ஒவ்வொரு மதிலிலும் ஒரு சாண் அகலத்தில் ஓட்டை. அதால் தண்ணீர் சும்மா கீழே ஒழுகிப் போனது. ஊரில் கிணற்று நீரை வாய்க்காலில் விட்டு, மண்வெட்டியால் ஒரு பாத்தியை மூடி மறு பாத்தியைத் திறப்பதைத் தண்ணீர் மாறுவது என்போம். நான் பத்து வயதிலிருந்தே தண்ணீர் மாறியவன். எலி துளைத்த வரம்பால் ஒரு சிரட்டைத் தண்ணீர் வீணானாலும் என்னைப் பெற்ற ஐயா அன்று முழுக்க என்னோடு கதைக்கமாட்டார். இந்த அரபிகளுக்குத் தண்ணீரின் அருமை தெரியவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை. யாரையும் கேட்காமல் இரண்டு நாளில் ஏழு மதிலின் ஓட்டைகளையும் களிமண் குழைத்து அடைத்துவிட்டேன்.

சித்திரையில் மழை வந்தது. அதைப் போல மழையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போக வழியில்லாமல் தேங்கிய வெள்ளம் மூன்றாம் தட்டின் மதிலை ஒரே தள்ளாகத் தள்ளிச் சாய்த்தது. கீழே நின்ற மாதுளைகள் கல்லுக்கடியில் போயின.

தண்ணீர் வண்டி ஓட்டிய குருநகர்ச் சூசை அண்ணைதான் அங்கே எனக்கிருந்த ஒரே தமிழ். அபூ சாலிம் விசாரிக்க வருகிறார் என்று அவர்தான் ஓடி வந்து சொன்னார்.

"தம்பி, தெரியாதெண்டு சொல்லு. மழையில பழியைப் போடு."

"நான்தான் அடைச்சனான். ஏன் ஒளிக்கவேணும்?"

அபூ சாலிம் வந்து ஓட்டையைக் காட்டிக் கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நிமிர்ந்து நின்றதைப் பார்த்து, செய்ததை மெச்சிக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். முகம் சிவந்து, பாஸ்போர்ட்டைத் தருகிறேன், இந்தக் கிழமையே ஊருக்குப் போ என்றார். சூசை அண்ணை அதைத் தமிழில் சொன்னார். ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. போனால் வழியில் இராணுவத்திடம் பிடிபடுவேன். பிடிபடாவிட்டாலும் என் சம்பளத்தில் சாப்பிடும் பவளமும் இரண்டு பிள்ளைகளும் பட்டினி. பயந்தேன். ஆனால் காலில் விழ மனம் வரவில்லை.

"மதில் எழும்பாமல் நான் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றுவிட்டுக் கல் பொறுக்கத் தொடங்கினேன்.

முதலில் அடுக்கியது இரண்டாம் நாளே சரிந்தது. உடைந்த மதிலின் மிச்சத்தை உட்கார்ந்து பார்த்தேன். நீளக் கற்கள் முகப்பில் படுத்திருக்கவில்லை, மண்ணுக்குள் தலை நீட்டியிருந்தன. அப்படியே திரும்ப அடுக்கினேன். விரல் நகம் நாலு போயிற்று. அடைத்த ஓட்டைகள் எல்லாவற்றையும் திறந்தேன். முடிந்த அன்று அபூ சாலிம் வந்து மதிலை மூன்று தரம் காலால் உதைத்தார். பிறகு குனிந்து ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். மறுநாள் வழக்கம் போல ரொட்டியும் தேத்தண்ணியும் வந்தன. அந்த மதில் எட்டு வருடமாக நிற்கிறது.

இந்த வருடக் கடைசியில் பவளத்தின் கடிதம் கொடிகாமத்திலிருந்து வந்தது. இராணுவம் வருகிறதென்று எங்கள் மானிப்பாயோடு வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்டு நடந்ததில், பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருக்கிறாள். முதல் தடவையாக வெயிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. "வேலியெல்லாம் பிடுங்கி எறிஞ்சிருப்பாங்கள். திரும்பிப் போனாலும் எங்கடை காணி எதெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டிருந்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வேலியைப் பிடுங்கலாம், கிணற்றை யார் பிடுங்குவது? எங்கள் நாலு பரப்புக் காணியின் வடகிழக்கு மூலையில் கிணறு. அங்கிருந்து மேற்கே முப்பது காலடி, தெற்கே நாற்பத்தெட்டு. என் காலுக்கு அது மறக்காது. எழுதுமுன் ஒரு தரம் சரி பார்க்க மூன்றாம் தட்டுக்குப் போனேன். ஒரு கல்லைக் கிணறாக வைத்து நடந்தேன். மேற்கே முப்பதும் சரியாக வந்தது.

அபூ சாலிம் மேலே நின்று, என்ன அளக்கிறாய் என்றார். என் காணியை என்றேன். தன் தட்டைச் சொல்கிறேன் என்று எடுத்தாரோ, அவர் முகம் சுருங்கியது. விளக்க எனக்கு இப்போது போதிய அரபு தெரியும். விளக்கவில்லை.

தெற்கே திரும்பி எண்ணினேன். இருபதாவது காலடியில் தட்டு முடிந்தது. கால் நான் கட்டிய மதிலின் மேல் நின்றது. அடுத்த காலடிக்குக் கீழே முகில்தான் இருந்தது. அறைக்கு வந்து, தெற்கே நாற்பத்தெட்டு என்றே எழுதிக் கடிதத்தை ஒட்டினேன்.