உள்ளே யாருமில்லை என்றேன்

உதவ வந்த ஒரு மனிதரின் விரல்கள் என் பொய்யால் நசுங்கின.

1991-இல் ஒரகடம் பக்கம் எனக்கு நில அளவை வேலை. கட்டிலும் அடுப்பும் உள்ள டிரெய்லரை ஜீப்பில் இழுத்துக்கொண்டு, மனைவியோடு ஊர் ஊராகத் தங்கினேன். ஒரு மத்தியானம் வல்லக்கோட்டை தாண்டியதும் டிரெய்லரின் டயர் வெடித்தது. சைக்கிளில் வந்த கன்னியப்பன் என்ற விவசாயி, கேட்காமலே நின்று, மறுபக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஜாக்கியை எடுத்ததும், "உள்ள யார்னா கீறாங்களா சார்?" என்றார்.

இவர் ஏன் இதைக் கேட்கிறார்? காய்ச்சலோடு உள்ளே தூங்கிய மனைவியின் கழுத்துச் சங்கிலி நினைவுக்கு வந்தது. "யாருமில்லை" என்றேன்.

அவர் சக்கரத்தைக் கழற்றும்போது, உள்ளே மனைவி எழுந்து நடந்தாள். வண்டி ஆடி, ஜாக்கி சரிந்தது. அலறியவர், கதவைத் திறந்த அவளைப் பார்த்ததும், "உனக்கு அடி படலயே தங்கச்சி?" என்றார்.

ஆஸ்பத்திரியில், அவள் இருந்ததை மறந்துவிட்டதாகச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, சேரப்பணஞ்சேரியில் அவர் வீட்டுக்குப் போய், அவரைத் திருடன் என்று சந்தேகித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

மடங்காத விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க மறந்துட்டீங்கன்னுதான் சார் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

பிறகும் அவரைச் சாலையில் பார்த்திருக்கிறேன். எங்கள் வண்டியைக் கண்டால், சைக்கிளை நிறுத்தாமல் போய்விடுவார்.