நனைய விட்ட கார்

எங்கள் அப்பாவின் காரை மறுபடி ஓட வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு என் தம்பி மகன் போன மாதம் ஓசூரிலிருந்து வந்தான். கூடவே பெங்களூர் மெக்கானிக் ஒருவர். கார் நிற்பது சூளகிரிக்குப் பக்கத்தில், என் பங்குக்கு வந்த நிலத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால். நான் சரி என்று சொல்லாமல் அதில் யாரும் கை வைக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும், அதனால்தான் வரும்போதே இனிப்பு வாங்கி வந்திருந்தான்.

மெக்கானிக் குனிந்து, படுத்து, தட்டிப் பார்த்தார். விரல் வைத்த இடமெல்லாம் துரு பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. கதவைத் தொட்டால் கதவு கையோடு வந்தது.

"சேசிஸ் கட்டி இதே அம்மா" என்றார். கன்னடம் கலந்த தமிழ்; அடிச்சட்டம் கெட்டியாக இருக்கிறதாம். "பாடிதான் போச்சு. மேல ஒரு கூரை இருந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது. யாரு இப்படி மழையில விட்டது?"

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க சார், அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றான் தம்பி மகன். "எங்க பாட்டி இந்தக் காரைத் தள்ளிவிட்டுட்டு ரோட்லயே நின்னுட்டாங்களாம். தாத்தா பறந்துட்டாராம். எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். மகளின் கல்யாண ஊர்வலத்துக்கு இந்தக் கார்தான் வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "நீ ஒரு வார்த்த சொல்லு அத்த, மூணே மாசத்துல புதுசாக்கிடலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இதைச் சிரிப்பாகத்தான் சொல்கிறார்கள். சொன்னவர் எவரும் அன்றைக்கு அந்தக் காரில் இல்லை. இருந்தவள் நான். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள்தான் நான், ஆனாலும் இதை நானே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கார் ஒருநாளும் தானாகக் கிளம்பியதில்லை. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றிக் கிளப்புவார்கள். ஒருமுறை கம்பி திருப்பி அடித்து அப்பாவின் மணிக்கட்டு வீங்கியது. அதிலிருந்து தள்ளுவது மட்டும்தான் வழி. அப்பா உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் தள்ளுவார்கள். கிளம்பியபின் நிறுத்தினால் அணைந்துவிடும் என்று நிறுத்த மாட்டார். ஆகவே தள்ளியவர்கள் எவரும் அதில் ஏறியதே இல்லை. இதுவே அந்தக் காரின் சட்டமாக இருந்தது.

ஒருநாள் காலையில் குருபரப்பள்ளியிலிருந்து ஆள் வந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, மகளைக் கேட்கிறார், உடனே வரவேண்டும். ஆண்கள் எல்லாரும் கேழ்வரகு அறுப்புக்குப் போயிருந்தார்கள். அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்தார். "பாப்பா, நீ ஏறிக்கோ, நீ கனமில்ல" என்றார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு, களை எடுக்க வந்த இரண்டு பெண்களோடு சேர்ந்து தள்ளினாள். அழுதுகொண்டே தள்ளினாள்.

கார் இருமிக்கொண்டு கிளம்பியது. அம்மா ஓடி வந்தாள். "நில்லுங்க! என்னங்க, நில்லுங்க!"

"நிறுத்துனா அணஞ்சிடும்டி, பின்னால வண்டி கட்டிக்கிட்டு வா!" என்று அப்பா கத்தினார்.

எந்த வண்டி? மாடு இரண்டும் அறுப்புக் களத்தில் இருந்தன.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கொஞ்ச தூரத்தில் ஒரு இறக்கம் வரும். அங்கே எங்கள் ஊர் மணியக்காரர் குடையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். அப்பா காரை நிறுத்தினார். ஆமாம், நிறுத்தினார். என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு அவரை முன்னால் உட்கார வைத்தார். இறக்கம்தானே, கார் தானாக உருண்டு கிளம்பிக்கொண்டது. அம்மாவும் அந்த இறக்கத்துக்கு ஓடி வந்திருப்பாளே, கால் மணி நேரம் பொறுத்திருந்தால் போதுமே என்று அந்தக் காருக்குள் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. மணியக்காரர் எங்கள் காரில் வருகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

குருபரப்பள்ளியில் தாத்தா கண்ணைத் திறந்து, "பொண்ணு வந்துட்டாளா?" என்றார். அப்பா, "பின்னால வர்றா மாமா" என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை கேட்கவில்லை. "அம்மாவுக்குப் பதிலா நீ ஊத்து" என்று என் கையில் பால் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். நான்தான் ஊற்றினேன். அம்மா பொழுது சாயும்போது நடந்தே வந்து சேர்ந்தாள். முழங்கால் வரைக்கும் புழுதி. வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது.

அதற்கப்புறம் அம்மா அந்தக் காரில் ஏறியதே இல்லை. பெட்ரோல் வாடை ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். பிற்காலத்தில் கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டு போனவளுக்கு எந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை?

இரண்டு வருடம் கழித்து கார் ஒரேயடியாக நின்றுபோனது. அப்பா அதைத் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி, பழுது பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். முதல் மழைக்கு முந்தி அம்மா ஆளை வைத்து அந்தத் தகரத்தை எல்லாம் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுவிட்டாள். அப்பா ஊரே கேட்கக் கத்தினார். அம்மா பால் கறந்துகொண்டே சொன்னாள்: "மாடு நனைஞ்சா சளி புடிக்கும். இதுக்கென்ன, மூக்கா இருக்குது?"

புதுத் தகரம் போடுவேன் என்றார் அப்பா. சொன்னதோடு சரி.

தம்பி மகனிடம் இவ்வளவையும் சொன்னேன். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். இவன் மட்டும் விடவில்லை. "அதெல்லாம் எப்பவோ நடந்தது அத்த. அதுக்காகத் துருவையா கட்டிக்காப்ப?"

"ஆமாண்டா, துருவைத்தான். உன் பொண்ணு ஊர்வலத்துக்கு வேற கார் பாரு. இது உங்க பாட்டி புடிக்க வெச்ச துரு. இதைச் சுரண்ட உனக்கும் உரிமையில்ல, எனக்கும் இல்ல."

உரிமை இல்லை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. தகரத்தைக் கழற்றிய அன்றைக்கு நான் அப்பா கட்சி. கார் நனைகிறதே என்று அழுதேன். களத்திலிருந்து ஏழெட்டுச் சாக்குகளை இழுத்து வந்து அதன்மேல் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் சாக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்தன. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுநாளும் காற்று. அந்த மழைக்காலம் முழுக்க நான் போடுவதும் காற்று எடுப்பதுமாகவே போயிற்று. காற்று எடுத்த சாக்குகள் ஒவ்வொரு நாளும் நாலாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.