மாப்பிள்ளை வீட்டு வண்டி

2005-ஆம் வருடம், தைப் பொங்கல் கழிந்த சமயம். அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். தார் வெட்டினால் கம்பம் மெட்டு ஏறி கேரளாவுக்குப் போக வேண்டும். அதுவரைக்கும் வாடகை வண்டிதான். வாடகை வண்டிக்காரர் விடியற்காலையில் வருகிறேன் என்பார், உச்சி வெயிலில் வந்து நிற்பார். வெயிலில் கிடந்த தார் மேலே போய்ச் சேரும்போது பாதி கறுத்திருக்கும், வியாபாரி முகத்தைச் சுளிப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய பிக்கப் ஒன்று வாங்கிவிடுவது என்று என் கணவர் முடிவு செய்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாடல் பேச்சுதான். தேனி ஒர்க்‌ஷாப்பில் ஒருவர், "தொண்ணூத்தொம்போதுக்கு மேல வாங்காதீக, தகடு மெல்லிசு" என்றாராம். தேவாரத்தில் டீக்கடையில் இன்னொருவர், "ரெண்டாயிரத்துக்குக் கீழ உள்ளதத் தொட்டா வருசா வருசம் எஃப்.சி.க்கு அழுகணும்" என்றாராம். இரண்டையும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னிடம் ஒப்பிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

கடைசியில் தேவதானப்பட்டியில் ஒரு வண்டி அமைந்தது. தொண்ணூற்றெட்டு மாடல். மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடைக்குச் சரக்கு ஏற்ற வைத்திருந்தது, மலையே ஏறாதது. முன்பின் தெரியாத அந்த மனிதர் நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே குறைகளைச் சொன்னார்.

"செகண்ட் கியர் விழுகுறப்ப கரகரங்கும். ஸ்டெப்னி டயர் தேஞ்சது. அதுக்குத் தக்கனதேன் வெல சொல்லிருக்கேன்."

நாங்கள் கூட்டிப்போன மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கக் குனிந்தபோது, கடைக்காரரே உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்து வந்து தரையில் விரித்துக் கொடுத்தார். எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் அட்வான்ஸ் கொடுக்க வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அன்று சாயங்காலம் என் நாத்தனாரும் அவள் கணவரும் வந்தார்கள். என் கணவருக்கு ஒரே தங்கச்சி. அவள் புருஷன் என்றால் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அவர் வந்தால் நாற்காலியை விட்டு எல்லோரும் எழுந்துவிடுவோம். அவர் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் நின்றது, 2001 மாடல்.

"சொந்தத்துல வண்டி இருக்கயில அசலூர்ல போயி நிக்கலாமா மச்சான்? அதுக்கு இது மூணு வருசம் புதுசு. நம்ம வீட்டுல ஓடுன வண்டி, கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார்.

என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. நான்தான், "நம்ம மெக்கானிக்கிட்ட ஒருக்கா காட்டிருவமாண்ணே?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, பாதி குடித்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அதை எடுக்கவே இல்லை. என் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர்கள் போனதும் என் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள குடுக்குற வண்டிக்கு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போறதா? அவுகள நம்பலன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆகும். நாளைக்கு எந்தங்கச்சி அந்த வீட்டுல எப்பிடி இருப்பா?"

எங்கள் பக்கம் அப்படித்தான். பெண் கொடுத்த வீட்டில் எதையும் புரட்டிப் பார்த்து வாங்கக் கூடாது. பார்த்தால், அந்தச் சொல்லைப் பெண்தான் சுமக்க வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிடாமலே பணத்தைக் கொடுத்தோம். வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. புதுப் பெயிண்ட், பளபளவென்று இருந்தது. யார் கேட்டாலும், "ரெண்டாயிரத்து ஒண்ணு மாடல்" என்று என் கணவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். ஓட்டும்போது ஒரு பக்கமாக இழுத்தது. டயராக இருக்கும் என்றார் மாப்பிள்ளை. நாங்களும் டயரை மாற்றினோம்.

ஆனி மாதம், ஒரு காலை நேரம். தார் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறினோம். விலை பேச நானும் கூடப் போவது வழக்கம். பாதி மலையில் ஒரு வளைவில் அடியில் படாரென்று சத்தம். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பிரேக் குழாயும் அறுந்து வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

"எறங்குத்தா, குதி" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் ரோட்டோரம் விழுந்தேன். அவர் ஸ்டீயரிங்கை ஒடித்து, பள்ளத்துக்குப் போகாமல் மலைச் சரிவில் கொண்டுபோய் மோதினார். வண்டி ஒருக்களித்துச் சாய்ந்தது. குதிக்கப் பார்த்த அவர் வலது கால் கதவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் அலறியதை நான் எழுத விரும்பவில்லை.

பின்னாலேயே ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று வந்தது. அதிலிருந்த பெண்களெல்லாம் இறங்கி, கல்லை முட்டுக் கொடுத்து, தோள் கொடுத்து வண்டியைத் தூக்கினார்கள். அன்றைய கூலி போகுமே என்று ஒருத்திகூட யோசிக்கவில்லை. ஜீப் டிரைவர் அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டு, எங்கள் வண்டியின் அடிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"யாருகிட்டக்கா வாங்குனீக?"

சொன்னேன். மலை இறங்கிக் கீழே வந்ததும்தான் அவர் சொன்னார்.

"போன மழைக்கு மேல் வளைவுல கவுந்த வண்டிக்கா இது. நாந்தேன் கயிறு கட்டி இழுத்துக் குடுத்தேன். நீங்க சொன்ன அந்த மாப்பிள்ளையும் அங்கனதேன் நின்னாரு. அடிச்சட்டம், அதேன் சேஸ், ஒடிஞ்சு கெடந்துச்சு. எடைக்குப் போட்டுருவாகன்னு நெனச்சேன். வெல்டு வச்சுப் பெயிண்ட் அடிச்சு வித்துருக்காக."

தேனி ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கணுக்கால்தான் இனி மடங்காது, டிரைவர் சீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள். மறுநாள் மாப்பிள்ளை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, "மலையில பாத்து ஓட்டணும் மச்சான்" என்றார்.

அவர் நீட்டிய ஆப்பிள் பையை வாங்காமலே கேட்டேன். "கவுந்த வண்டின்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லண்ணே?"

அவர் என் முகத்தைப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னார். "நீங்க மாடலத்தானத்தா கேட்டீக. மாடல் சரியாத்தான சொன்னேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து என் கணவர், "நீ வெளிய போ" என்றார். மாப்பிள்ளையிடம் இல்லை, என்னிடம். வராண்டாவில் என் நாத்தனார் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை, தொட்டு ஆறுதல் சொல்லவும் கை வரவில்லை.

அந்த வண்டி எடைக்குத்தான் போனது. நாங்கள் மறுபடி வாடகை வண்டிக்கே வந்துவிட்டோம். தேவதானப்பட்டிக்காரரின் தொண்ணூற்றெட்டு மாடலை வேறு யாரோ வாங்கி ஓட்டுகிறார்கள். போன மாதம்கூடத் தேனி பஜாரில் எங்களைத் தாண்டிப் போனது. செகண்ட் கியர் விழும்போது அந்தக் கரகர சத்தம் கேட்டது. என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளை இன்றைக்கும் திருவிழாவுக்கு வருகிறார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் என் கணவர் மடங்காத காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். நான் காப்பி கொடுக்கிறேன், மாப்பிள்ளை கடைசிச் சொட்டு வரை குடிக்கிறார். பழைய வண்டி வாங்க எந்த மாடல் நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால், அடியில் படுத்துப் பார்க்கச் சாக்கு விரித்துக் கொடுக்கிறவரிடம் எந்த வருஷத்து வண்டியையும் வாங்குங்கள் என்பேன். எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டிய ஆளிடம் மட்டும் வாங்காதீர்கள் என்பதை, என் வீட்டுக்குள் இன்றுவரை என்னால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.