கடலுக்கு அப்பாலிருந்து வந்த ‘தூனு’

மீன் சுடுவதுதான் சுவாஹீதாவின் பிழைப்பு. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில், தோணிகள் ஒதுங்கும் மணலில் கண்டல் விறகைக் கனலாக்குவாள். பிளந்த குச்சிகளில் விளைமீனைக் குத்தி, தீயைச் சுற்றிச் சாய்த்து நடுவாள். “தூனு... தூனு...” என்று அவள் குரல் கொடுத்தால் தோணிக்காரர்கள் வந்துவிடுவார்கள். சுட்டது என்பதற்கு அவர்கள் பேச்சில் அதுதான் சொல். அவளுக்கு வாய்த்துடுக்கு அதிகம். அவள் கேலிக்குத் தப்பியவர் அந்தக் கரையில் யாருமில்லை. புருசன் மஹசுவா கடலுக்குள் நீளும் பவளப்பாரில் கணவாய் குத்துகிறவன். அவளுக்கும் சேர்த்து அவன் மௌனமாக இருப்பான்.

அந்தத் தென்காற்றுக் காலத்தில் அயல்நாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்று பாருக்கு வெளியே வந்து நின்றது. பெயரைச் சுரண்டி அழித்திருந்தார்கள். கணவாய் வாங்கிச் சேர்க்கும் ஸாஃபிமாசிதான் அதற்கு நன்னீர் ஏற்றிக்கொண்டு போனான். கூடப் போன ஆட்கள் திரும்பி வந்ததும் வழக்கமான அரட்டைக்கு உட்காரவில்லை. கப்பல் தட்டில் நாற்றம் என்று மட்டும் ஒருவன் சொன்னான்.

ஒரு நண்பகலில் கண்டல் வேர்களுக்கிடையே ஒருவன் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். பவளப்பாறை கிழித்த கால்கள், உதடெல்லாம் உப்பு. நிறமும் முடியும் அவர்களைப் போலத்தான், ஆனால் அந்தக் கரையைச் சேர்ந்தவன் இல்லை. தன் பேச்சில் கேட்டாள், அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டாள். ஒன்றும் எட்டவில்லை. அவன் தீயருகே இருந்த மீனைக் காட்டி மெல்லச் சொன்னான்: “தூனு.”

தான் கூவியதைக் கேட்டுச் சொல்கிறான் என்று நினைத்து ஒரு மீனை உருவிக் கொடுத்தாள். முள்ளைக்கூட ஒதுக்காமல் தின்றான். தின்று முடித்ததும் கப்பலைப் பார்த்து மூன்று விரல்களை நீட்டினான். “தோலு” என்றான். அவளுக்கு அது ‘தெலு’, மூன்று. அவனிடமிருந்து அடுத்து வந்த சொல்லை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. “மாத்தே.” இறந்தவரை அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு கனமான ஒன்றைத் தூக்கிக் கடலில் உருட்டிவிடுவதுபோலக் கைகளை அசைத்து, நான்காவது விரலைத் தன் நெஞ்சில் வைத்தான்.

அவள் கப்பல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவனைக் கண்டலுக்குள் தள்ளி, மேலே பழைய பாயை இழுத்துப் போட்டாள். கப்பலின் சின்னப் படகு அதற்குள் கரையைத் தொட்டுவிட்டது.

அதிலிருந்து இறங்கிய ஸாஃபிமாசி தீயருகே வந்து குந்தினான். “அக்கா, புது ஆளு எவனாச்சும் இங்க ஒதுங்கினானா?”

“ஒதுங்கியிருந்தா எனக்கு ரெண்டு மீனு வித்திருக்குமே.”

“ஒரு குச்சி காலியா இருக்கு?”

“நாய் தின்னுட்டுப் போச்சு.”

“தின்னுட்டுக் குச்சிய நட்டு வச்சுட்டுப் போற நாயா? நல்ல நாய்தான்.” அவன் சிரிக்கவில்லை. “மச்சான் தினமும் பாரைத் தாண்டித்தானே போறாரு? கடல் பெருசுக்கா.”

சாயங்காலம் எல்லாவற்றையும் மஹசுவாவிடம் சொன்னாள். யாரோ எவனோ, நமக்கேன் வம்பு என்றான். நம்ம பேச்சு பேசுறான் என்றாள் இவள்.

“ஒத்தை வார்த்தைக்காகவா?”

“மூணு வார்த்தை. மூணாவது, செத்துப்போனதுக்கு நாம சொல்றது.”

மஹசுவா எழுந்து போய்த் தோணிப்பாயின் கயிறுகளைச் சரிபார்த்தான்.

விடியும் முன் மஹசுவாவின் தோணி வடக்கே கிளம்பியது. ஈரவலைக்கு அடியில் அந்த மனிதன் படுத்திருந்தான். அன்று ஸாஃபிமாசி வந்து பகல் முழுக்க அவள் தீயருகே உட்கார்ந்திருந்தான். எதையும் கேட்கவில்லை, மீனும் வாங்கவில்லை. பிற்பகலில் கப்பல் நங்கூரம் எடுத்தது. அதுவும் வடக்கேதான் போனது. அப்போதுதான் அவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நடந்தான். இரண்டு நாள் அவள் வாயிலிருந்து கேலியும் வரவில்லை, கூவலும் வரவில்லை.

மூன்றாம் நாள் மஹசுவா தனியாகத் திரும்பினான். ஆழமில்லாத பாரின் உட்பக்கமாகவே ஓட்டிப் போனதால் கப்பலால் நெருங்க முடியவில்லை. நகரத்துக் கன்னியர் மடத்தில் அந்த மனிதனைச் சேர்த்தாயிற்று. அவன் பேச்சு புரிந்த ஒருவர் அங்கே கேட்டுச் சொன்னார்: அவன் பெயர் கொர்னேலிஸ். இந்தியப் பெருங்கடலுக்கு அந்தக் கோடியிலிருக்கும் தீமோர் தீவுக்காரன். கப்பலில் அடிபட்டுச் செத்தவர்களும் அவன் ஊர்க்காரர்களே. கப்பலைப் பிடிக்க ஆளில்லை. அது ஆழ்கடலுக்குப் போய்விட்டது.

“அவ்வளவு தூரத்துலயும் மீனைச் சுட்டா தூனுதானாம்” என்றான் மஹசுவா. மற்றதெல்லாம் அவள் கேட்டுக் கேட்டு வாங்கியவை; இதை அவன் தானாகச் சொன்னான். அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு வாரம் கழித்து, தோணியைத் தள்ளும்போது மஹசுவாவின் விரல்கள் பக்கவாட்டு மிதவைக்கட்டையைத் தாங்கும் குறுக்குக்கழியில் நின்றன. அடிப்பக்கம் யாரோ ரம்பத்தால் பாதிவரை அறுத்து, வெட்டுவாயில் பிசின் பூசியிருந்தார்கள். பார் தாண்டி முதல் பேரலையிலேயே முறிந்திருக்கும். அவன் அவளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். புதுக்கழி கட்டி, பாயையும் பானையையும் ஏற்றிக்கொண்டு அன்றே கிளம்பினார்கள்.

இப்போது வடக்கே ஒரு மணல்தீவில் இருக்கிறார்கள். பாய்தான் கூரை. சுவாஹீதா அங்கேயும் மீன் சுடுகிறாள். ஏன் ஊரை விட்டீர்கள் என்று கேட்டால் இங்கே மீன் கொழுப்பு என்பாள். போன வாரம் பக்கத்துத் தீவுக்காரர்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள். ஸாஃபிமாசி இந்தப் பக்கமும் கணவாய் வாங்க வரப்போகிறானாம். யார் யார் எந்தத் தீவில் தங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறானாம்.